அழுக்கைத் தின்னும் மீனுக்கும் பசிக்குமே!

என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். போன வருஷம் நல்ல மார்க் வாங்கினான் என்று, அவன் அப்பா இரண்டடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி வாங்கிக் கொடுத்தார். நாலு கோல்டு பிஷ்ஷோடு, கண்ணாடியில் வாயை வைத்து ஒட்டிக்கொள்ளும் கறுப்பு மீன் ஒன்றையும் கடைக்காரர் கொடுத்தார். 'சக்கர்' என்றும், 'டேங்க் கிளீனர்' என்றும் சொல்கிறார்களே, அந்த மீன்தான். "பாசி, அழுக்கு எல்லாத்தையும் இதுவே தின்னுடும். இதுக்குன்னு தனியா தீனி வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார்.

எனக்கு ஒரே சந்தோஷம். தொட்டி கழுவுகிற வேலை எப்படியும் என் தலையில்தானே விழும்! முதல் மாதம் கண்ணாடி பளபளவென்று இருந்தது. கோல்டு பிஷ்ஷுக்கு மட்டும் தினமும் தீனி போட்டோம். அவை மேலேயே பிடித்துத் தின்றுவிடும். அடியில் கிடக்கும் அந்தக் கறுப்பனை யாரும் கண்டுகொள்ளவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், தலை மட்டும் பெரிதாய், வயிறு உள்வாங்கிக் கிடந்தது. ஒரு கோல்டு பிஷ்ஷின் விலாவில் செதில் உரிந்து புண்ணாகியிருந்தது. ஒருநாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த மகன், "அம்மா, கறுப்பு மீன் கோல்டு பிஷ் மேலே ஒட்டிக்கிட்டு உறிஞ்சுது!" என்று அலறினான். "பேசாம ஏரியில கொண்டு போய் விட்டுடுங்க, புண்ணியமாப் போகும்" என்றார் என் மாமியார்.

என் தம்பி சென்னையில் இருக்கிறான். அங்கே கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் ஏராளம். அவனுக்கு போன் செய்தேன். அங்கே ஒரு பெரியவரிடம் விசாரித்துவிட்டு, "அக்கா, அது கெட்ட மீன் இல்லை. பட்டினி கிடக்குது" என்றான். எனக்குச் சுரீர் என்றது.

இந்த மீன் பாசியைத்தான் சுரண்டித் தின்னுமாம்; மற்ற மீன்களின் கழிவைத் தின்னாதாம். சின்னத் தொட்டியில் பாசி எத்தனை நாளைக்கு வரும்? பசி தாங்காமல்தான் மற்ற மீன்களின் மேலுள்ள வழவழப்பை உறிஞ்சியிருக்கிறது.

அன்றிலிருந்து நான் செய்வது இதுதான். வெள்ளரிக்காயை நன்றாகக் கழுவி, மருந்து அடித்திருப்பார்கள் என்பதால் தோலையும் சீவி, அரை அங்குல கனத்துக்கு ஒரு வில்லை நறுக்குவேன். அது மிதக்கும் என்பதால், எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி அடியில் இறக்கிவிடுவேன். பாலக்கீரை என்றால் கொதிநீரில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்து, ஆறிய பிறகு போடலாம். மஞ்சள் பூசணியை அரைவேக்காடாகவும், பச்சைப் பட்டாணியை வேகவைத்துத் தோல் நீக்கியும் கொடுக்கலாம். உப்பு, மஞ்சள்தூள், எண்ணெய் எதுவும் படக்கூடாது. எங்கள் பக்கம் மரவள்ளிக்கிழங்கு மலிவு. ஆனால் பச்சைக் கிழங்கில் நஞ்சு உண்டு, அதைப் போட்டுவிடாதீர்கள்.

இது ராத்திரியில் மேயும் மீன். அதனால் விளக்கை அணைத்த பிறகு காயை வைத்து, மிச்சத்தைக் காலையில் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அழுகித் தண்ணீர் கலங்கிவிடும். காய் மட்டும் போதாது என்பதால், அடியில் மூழ்கும் மாத்திரைத் தீனியும் போடுகிறேன். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரையும் மாற்றுகிறேன்.

முதல் இரண்டு நாள் அது காயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில், நடுவில் சுரண்டிய வில்லை வளையம் போலக் கிடந்தது. என் மகன் கைதட்டிக் குதித்தான். ஒரு மாதத்தில் வயிறு சரியானது. கோல்டு பிஷ்ஷின் புண்ணும் ஆறியது.

ஏரியில் விடாததும் நல்லதாயிற்று. இது தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த மீன். இரண்டு அங்குலத்தில் வாங்குவது ஒரு அடிக்கு மேல் வளருமாம். ஏரி, குளங்களில் விட்டால் பெருகி, நம் ஊர் மீன்களின் இரையைத் தின்றுவிடும்; முள் துடுப்பால் வலையைக் கிழித்துவிடும். 2020-ல் வாரணாசியில் கங்கையிலேயே இது பிடிபட்டது. வளர்க்க முடியாவிட்டால், பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ கடையிலோ கொடுத்துவிடுங்கள்.

ஒருநாள் ராத்திரி காய் நறுக்கி வைத்துவிட்டு, எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதைச் சட்டியோடு வழித்துச் சாப்பிட்டுக் கொண்டிருந்தேன். மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஏம்மா, மீனுக்கு மிச்சம் மீதி போதாதுன்னு தனியா நறுக்கி வைக்கிறே. உனக்கு மட்டும் போதுமா? நாளையிலேர்ந்து எங்களோட உட்கார்ந்து சாப்பிடு" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது எங்கள் வீட்டில் ராத்திரி எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் தட்டு. உங்கள் வீட்டுத் தொட்டியிலும் இந்த மீன் இருந்தால், இன்றைக்கே அதன் வயிற்றைக் கொஞ்சம் கவனியுங்கள் தோழிகளே!

– ஒரு வாசகி, சின்னசேலம்.