பெட்டியில் 15, பொடியில் 9

1901இல் மிலான் நகரின் லூயிஜி பெட்ஸேரா காப்புரிமை கேட்ட காபி இயந்திரத்தில் தண்ணீரைத் தள்ளியது கொதிகலனில் அடைபட்ட நீராவி. ஏறக்குறைய 1.5 பார் அழுத்தம்தான். இன்னும் வேண்டுமென்றால் சூட்டைக் கூட்ட வேண்டும். கூட்டினால் காபி கருகிக் கசக்கும். எஸ்பிரஸோ என்றதும் இன்று நாம் எதிர்பார்க்கும் பொன்னிற நுரையான கிரேமா அந்தக் கோப்பையில் இல்லை. அழுத்தத்தை எப்படிக் கூட்டுவது என்பது அன்றைய கவலை. எப்படிக் குறைப்பது என்பது இன்று வீட்டில் எஸ்பிரஸோ போடுகிறவர்களின் கவலை.

அழுத்தம் எதற்கு? நம் வீட்டு பில்டரில் தண்ணீர் தன் எடையாலேயே சொட்டுச் சொட்டாக இறங்குகிறது, நேரமானாலும் பாதகமில்லை. எஸ்பிரஸோவில் அந்த வேலை அரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். மாவு போல அரைத்து இறுக்கிய பொடிக்குள் தண்ணீர் தானாக இறங்காது. தள்ளித்தான் ஆக வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அக்கிலே கஜ்ஜா வெப்பத்தையும் அழுத்தத்தையும் பிரித்தார். லிவரை இழுத்தால் சுருள்வில் இறுகும். விட்டால் வில் விரிந்து பிஸ்டனைத் தள்ளும். 8, 9 பார் எளிதில் கிடைத்தது, கிரேமாவும் வந்தது. 1961இல் ஃபயேமா நிறுவனத்தின் இ61 இயந்திரம் வில்லின் இடத்தில் மோட்டார் பம்பை வைத்தது. 9 பார் என்ற எண் அங்கே நிலைத்தது. 7 கிராம் பொடி, 25 வினாடி, 9 பார் என்று இத்தாலிய எஸ்பிரஸோ நிறுவனம் பின்னாளில் வகுத்த இலக்கணமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அந்த அழுத்தத்தை முடிவு செய்தவர் இயந்திரம் செய்தவர். காபி போட்டவருக்கு அதில் பங்கில்லை.

வீட்டு இயந்திரங்களுக்குச் சின்ன பம்ப் போதும். மின்காந்தச் சுருளுக்குள் முன்னும் பின்னும் துடிக்கும் ஒரு குட்டி பிஸ்டன். சமையலறையில் கேட்கும் அந்த உறுமல் அதனுடையதுதான். பெட்டியில் பெரிதாக அச்சிடும் ‘15 பார்’, தண்ணீர் போக வழியே இல்லாதபோது அந்த பம்ப் எட்டக்கூடிய உச்சம். காபிக்கு அது தேவை என்று பொருளல்ல. கடையில் அரைத்து விற்கும் பொடிக்காக ஒற்றை ஊசித்துளை உள்ள கூடையைத் தந்தார்கள். அதில் நுரை வர அதிக அழுத்தம் உதவியது. அப்போதே அரைத்த பொடியைச் சாதாரணக் கூடையில் போட்டு 12 பாருக்கு மேல் தள்ளினால் கதை மாறும். பொடி மேலும் இறுகி வழி அடைபடும். பலவீனமான இடம் பார்த்துத் தண்ணீர் பிய்த்துக்கொண்டு ஓடும். ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வரும்.

இதற்குத் தீர்வு இயந்திரத்துக்குள்ளேயே இருந்தது. கஜ்ஜா பெயரில் வரும் ‘கிளாசிக்’ வீட்டு இயந்திரத்தின் பழைய வகையில் மேல்மூடியைத் திறந்தால் பம்புக்கும் கொதிகலனுக்கும் இடையே உபரி அழுத்த வால்வு தெரியும். உள்ளே ஒரு வில், அதை அழுத்திப் பிடிக்கும் ஒரு திருகு. ஆலன் கீ விட்டு இடப்பக்கம் கொஞ்சம் திருகினால் வில் தளரும்; வால்வு முன்கூட்டியே திறந்து மிச்சத் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். கூடையைத் தாங்கும் கைப்பிடியில் அழுத்தமானி பொருத்தி, துளையில்லாத கூடை போட்டு, சில வினாடி பம்பை ஓட்டி முள்ளைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது 10 காட்டினால், காபி இறங்கும்போது சுமார் 9 இருக்கும். இப்படி வீடு வீடாகத் திருகியவர்களின் வழக்கம் கடைசியில் தொழிற்சாலைக்குள்ளும் நுழைந்தது: 2023இல் வந்த கிளாசிக் ஈவோ ப்ரோ 9 பாருக்கே அமைக்கப்பட்டு வந்தது.

இன்று அதையும் தாண்டிவிட்டார்கள். டீசென்ட் நிறுவனத்தின் இயந்திரத்தில் டேப்லெட் திரையிலேயே அழுத்தத்தின் கோட்டை வரையலாம்: மெல்ல 2, 3 பாரில் பொடியை நனைத்து, 9க்கு ஏற்றி, முடிவில் 6க்கு இறக்கலாம். பழைய கஜ்ஜா கிளாசிக்குக்கே அந்தத் திறமையைத் தரும் திட்டம் கஜ்ஜுயினோ. வில் விரிய விரிய அழுத்தம் தணிவது பழைய லிவரின் இயல்பு. கணினி இப்போது முயன்று செய்வதும் அதைத்தான்.

திருகில் கை வைக்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். வால்வு வைப்பது மேல்வரம்பு மட்டுமே. அதுவரை அழுத்தம் ஏறுவது பொடியின் எதிர்ப்பால். கொரகொரப்பாக அரைத்தால் எந்த வால்வும் 9ஐத் தராது. ஆகவே முதலில் நல்ல கிரைண்டர், பிறகு அளந்து போட்ட பொடி, அதற்குப் பிறகே வால்வு. திறக்கும் முன் மின்இணைப்பைப் பிடுங்குங்கள், கொதிகலன் ஆறட்டும். உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் காத்திருங்கள். புதிதாக வாங்கப் போகிறீர்களா? பெட்டியில் உள்ள பெரிய எண்ணை நம்பாதீர்கள். வால்வு எத்தனை பாரில் திறக்கும் என்று கடைக்காரரைக் கேளுங்கள்.