பேரம் பேச ஓர் இடம்

திராட்சைத் தோட்ட உவமையில் கடைசியாக வந்தவருக்கும் முழுக் கூலியா என்று நாம் வியக்கிறோம். அதன் தொடக்கத்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. விடியற்காலையில் வந்தவர்களோடு ஒரு தெனாரியம் என்று பேசி முடித்த பிறகே நிலக்கிழார் அவர்களை வேலைக்கு அனுப்புகிறார். அந்தப் பேச்சே இல்லாத ஒரு வேலையைப் பற்றி இன்று சிந்திப்போம்.

அமெரிக்காவில் ஊபர், லிஃப்ட் செயலிகள் வழியாகக் கார் ஓட்டுபவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைச் செயலியே முடிவு செய்கிறது. காரும் எரிபொருளும் பழுதுச் செலவும் ஓட்டுநருடையவை. நிறுவனங்கள் அவரைத் தனித்துத் தொழில் செய்பவராகவே கணக்கில் வைக்கின்றன. அத்தகையோருக்கு, 1935ஆம் ஆண்டுத் தேசியத் தொழிலுறவுச் சட்டம் தரும் சங்க உரிமை கிடையாது.

சிக்கல் அதோடு நிற்கவில்லை. ஓட்டுநர்கள் கூடி, 'இதற்குக் குறைந்து ஓட்டமாட்டோம்' என்றால், வணிகர்கள் சேர்ந்து விலை நிர்ணயித்ததாகக் கொண்டு போட்டிப் பாதுகாப்புச் சட்டம் அவர்கள்மீதே பாயலாம். ஒருதலையாக விலை வைப்பது நிறுவனத்துக்கு ஆகும். கூடிப் பேசுவது ஓட்டுநருக்கு ஆகாது! சியாட்டில் நகரம் 2015இல் இயற்றிய விதி இந்த வழக்கில்தான் சிக்கியது.

மாசச்சூசெட்ஸ் மக்கள் 2024 நவம்பரில் வாக்களித்து இதற்கொரு வழி கண்டனர். தொடர்ந்து ஓட்டுபவர்களில் 25 விழுக்காட்டினரின் கையொப்பம் பெறும் சங்கம், எல்லாருக்காகவும் பேசலாம். உடன்பாட்டை ஓட்டுநர்கள் வாக்களித்து ஏற்கவேண்டும். மாநில அரசும் ஒப்புதல் தரவேண்டும். அரசின் மேற்பார்வை இருப்பதால் போட்டிச் சட்டத்தின் தடை விலகும் என்பது கணக்கு.

பேசுவதற்கு என்ன இருக்கிறது? அதே ஆண்டு ஜூனில் அங்கே ஒரு வழக்கின் தீர்வாக மணிக்கு 32.50 டாலர் குறைந்தபட்சக் கூலி முடிவானது. நல்ல தொகைதான். ஆனால் சவாரியை ஏற்றதிலிருந்து பயணியை இறக்கிவிடும் வரைதான் அந்த மணிக்கணக்கு ஓடும். சவாரி வராதா என்று தெருவோரம் காத்திருக்கும் நேரம் அதில் சேராது. சந்தைவெளியில் நாளெல்லாம் நின்றவர்களை உவமையின் நிலக்கிழார் மறக்கவில்லை என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

'அவராகத்தானே ஏற்கிறேன் என்று பொத்தானைத் தொட்டார்?' என்று கேட்பவர்கள் உண்டு. திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் இதைத் தொட்டிருக்கிறார். வறுமைக்கு அஞ்சிக் கடுமையான நிபந்தனையை ஏற்பவர், உண்மையில் வன்முறைக்கே பணிகிறார் என்பது அவர் கருத்து. சங்கம் அமைப்பது மனிதரின் இயல்புரிமை என்பதும் அதே மடலில் உண்டு.

தொழிற்சாலை வாசல் இல்லாத இந்த வேலையில், ஒருவரையொருவர் அறியாத ஓட்டுநர்களிடம் கையொப்பம் திரட்டுவது எளிதன்று. விமான நிலையக் காத்திருப்பு இடங்களில்தான் அவர்கள் பலராகச் சேர்ந்து நிற்கிறார்கள்.