ஜோடியாக வீடு வாங்குகிறீர்களா? உஷார்!

நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது, கல்யாணத்துக்குள் ஃப்ளாட்டை புக் செய்துவிடலாம் என்று ஓ.எம்.ஆர். பக்கம் அலைகிறவர்களே, கல்யாணமே வேண்டாம், சேர்ந்து வாழ்ந்தால் போதும் என்று முடிவெடுத்தவர்களே, அட்வான்ஸ் செக்கைக் கொடுக்கும் முன் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் மனதில் நீங்கள் ஒரு குடும்பம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் பேங்குக்கும் கோர்ட்டுக்கும் நீங்கள் கூட்டாகச் சொத்து வாங்கிய இரண்டு பேர், அவ்வளவுதான்.

பில்டர் தரும் கிரயப் பத்திர டிராஃப்டைப் பிரித்துப் பாருங்கள். வாங்குபவர்கள் என்று இரண்டு பெயரும் இருக்கும். யாருக்கு எத்தனை சதவீதம் என்ற வரி இருக்கிறதா? இல்லாவிட்டால் 1882-ம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 45-வது பிரிவு உள்ளே வரும். அவரவர் போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு; யார் எவ்வளவு போட்டார் என்று காட்ட முடியாவிட்டால் சமபங்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் நடப்பது என்ன? அவர் கணக்கிலிருந்து இ.எம்.ஐ. போகும். மளிகை, கரன்ட் பில், மெயின்டனன்ஸ், மாடுலர் கிச்சன் எல்லாம் இவள் சம்பளத்தில் நடக்கும். சில வருடம் கழித்து மனக்கசப்பு வந்தால், பேங்க் ஸ்டேட்மென்ட்டில் வீட்டுக்குப் பணம் கட்டியவர் அவர் ஒருவர்தான். மளிகைச் செலவைக் கிரயப் பணம் என்று கோர்ட்டில் ஏற்க வைப்பது பெரும்பாடு. அதனால் பங்கைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இ.எம்.ஐ. இருவர் கணக்கிலிருந்தும் போகட்டும்.

இதைவிட ஆபத்தானது, முழுப் பணத்தையும் ஒருவர் போட்டு, ‘உன் பேர்லயே இருக்கட்டும், நம்ம வீடுதானே’ என்று மற்றவர் பெயரில் பதிவது. 1988-ம் ஆண்டின் பினாமி சட்டம், கணக்கில் காட்டிய பணத்தில் மனைவி அல்லது கணவன் பெயரில் வாங்கினால் விலக்கு தருகிறது. காதலிக்கும் காதலனுக்கும் அந்த விலக்கு கிடையாது. 2016-ல் திருத்திய பிறகு தண்டனை கடுமை: சொத்து பறிமுதல், 1 முதல் 7 ஆண்டு கடுங்காவல், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். பணம் என்னுடையது, வீட்டைக் கொடு என்று வழக்குப் போடவும் வழியில்லை. அன்பளிப்பாகவே கொடுத்தேன் என்பீர்களா? 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வாங்கியவரின் வருமானமாகி வரி விழும்.

கடனில் பாதிப் பாதி என்ற பேச்சே இல்லை. ஒருவர் கட்டாமல் போனால் மொத்தப் பாக்கியையும் மற்றவரிடம் பேங்க் கேட்கலாம். இருவரின் சிபில் ஸ்கோரும் விழும்.

பிரிந்தால்? இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரிக்க முடியாது. பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், ஏலத்தில் விற்றுப் பணத்தைப் பிரிக்க கோர்ட் உத்தரவிடலாம். சமாதானமாக ஒருவர் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாலும் செலவு உண்டு. தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் என்றால் முத்திரைத் தீர்வையில் பெரிய சலுகை. நீங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. 80 லட்ச ரூபாய் ஃப்ளாட்டில் பாதியை விடுவிக்க, 7 சதவீதம் வீதம் 2.8 லட்சம் முத்திரைத் தீர்வை மட்டுமே ஆகும்.

சாவைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வராது. பேசித்தான் ஆகவேண்டும். மணமாகாத, குழந்தையில்லாத இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி அவர் பங்கு அம்மாவுக்குப் போகும். பெண் இறந்தால் அப்பா அம்மாவுக்கு. கூடவே வாழ்ந்தவருக்கு ஒரு சதுர அடி கூட வராது. உங்கள் உறவையே ஏற்காத பெற்றோர் மறுநாள் உங்கள் வீட்டில் பங்குதாரர்கள். இ.எம்.ஐ. மட்டும் உங்களைத் தேடி வரும்.

ஆகவே புக் செய்யும் முன்பே ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதுங்கள். பிரிந்தால் யார் யாருடைய பங்கை முதலில் வாங்கலாம், விலையை யார் மதிப்பிடுவது, எத்தனை மாதத்துக்குள் பணம் தரவேண்டும், ஒருவருக்கு வேலை போனால் இ.எம்.ஐ. யார் கட்டுவது என்று எல்லாம் அதில் இருக்கட்டும். பில்டரின் வக்கீல் வேண்டாம், உங்களுக்கென்று ஒருவர். லோன் கையெழுத்தாகும் வாரத்திலேயே ஆளுக்கொரு உயிலும் எழுதிவிடுங்கள். இரண்டு சாட்சிகள் போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள்.