சோற்றுப் பசையில் ஒட்டிய ஸ்டார்

டிசம்பர் பிறந்துவிட்டால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரே நச்சரிப்புதான். "எப்பம்மா ஸ்டார் போடுவோம்? எப்பம்மா குடில் கட்டுவோம்?" என்று காலையில் பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். கடைக்குப் போனால் எல்லாம் ரெடியாகத்தான் இருக்கிறது. காசைக் கொடுத்து வாங்கி வந்து ஆணியில் மாட்டினால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஆனால் அதில் பிள்ளைக்கு என்ன வேலை? அண்ணாந்து பார்ப்பது ஒன்றுதான். அதனால் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டிலேயே என்னென்ன செய்யலாம் என்று தோழிகளுக்கு எழுத நினைத்தேன். நான் பத்தாவது வரை படித்தவள். கைவேலை வகுப்புக்கெல்லாம் போனதில்லை. எனக்குத் தெரிந்தது என் மாமியார் சொல்லிக் கொடுத்தது பாதி, 2023-ம் வருஷத்து வெள்ளம் சொல்லிக் கொடுத்தது பாதி.

எங்களுக்குத் தூத்துக்குடி. என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் வீட்டுக் குடில் சுரூபங்கள் அத்தை கல்யாணமாகி வந்த காலத்திலேயே வாங்கியவை. மண் பொம்மைகள், குழந்தை இயேசு மட்டும் பிளாஸ்டர். வருஷம் முழுக்கக் கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டியில் பழைய வேட்டியில் சுற்றி இருக்கும். டிசம்பர் 14-ம் தேதி வாக்கில் குடிலுக்குப் புல் போடுவோம். இது பிள்ளைகள் செய்ய ஏற்ற முதல் வேலை. இரண்டு கைப்பிடி கேழ்வரகை ராத்திரி ஊற வைத்து, காலையில் தண்ணீரை வடித்து ஈரத் துணியில் முடிந்து வையுங்கள். மறுநாள் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். பழைய தாம்பாளத்தில் விரற்கடை அளவு மண்ணோ தென்னந்தும்புத் தூளோ பரப்பி, அதன்மேல் நெருக்கமாகத் தூவச் சொல்லுங்கள். தூவுவது பிள்ளை, தண்ணீர் தெளிப்பதும் பிள்ளை. பத்து நாளில் இரண்டு அங்குலம் வளர்ந்து நிற்கும். முளைப்பாரி போடுகிறவர்களுக்கு இது புதிதில்லை. அவர்கள் இருட்டில் வைத்து வெளிர்மஞ்சளாக வளர்ப்பார்கள், குடிலுக்குப் பச்சை வேண்டும் என்பதால் நாங்கள் ஜன்னலோரம் வைப்போம். அவ்வளவுதான் வித்தியாசம்.

2023-லும் அப்படித்தான் போட்டோம். பெரியவனுக்கு அப்போது ஏழு வயது, சின்னவளுக்கு நான்கு. 17-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தது. எங்கள் பக்கம் டிசம்பர் மழை சகஜம்தானே என்று இருந்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் தெருவில் ராத்திரி வாசற்படி ஏறின தண்ணீர் விடிவதற்குள் கட்டில் மட்டத்துக்கு வந்துவிட்டது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பக்கத்து மாடி வீட்டுக்கு ஏறினோம். அந்த அக்கா நாலு குடும்பத்துக்கு நாலு நாள் கஞ்சி காய்ச்சி ஊற்றினார். அவருக்கு நான் எந்த ஜென்மத்தில் கடன் அடைப்பேனோ!

வெள்ளிக்கிழமை தண்ணீர் வடிந்து கீழே போய்ப் பார்த்தால், கணுக்கால் சேறு. பீரோவில் இருந்த துணி, பெரியவனின் புத்தகப் பை, மெத்தை, ரேஷன் அரிசி எல்லாம் போயிற்று. வண்டியின் இன்ஜினுக்குள் தண்ணீர். டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். வேட்டிக்குள் மாதா, சூசையப்பர், ராஜாக்கள், ஆடுமாடு எல்லாம் ஒரே களிமண் உருண்டையாகக் கரைந்து கிடந்தன. குழந்தை இயேசு மட்டும் முழுசாக இருந்தது. ஆனால் முகத்தில் பெயிண்டே இல்லை. கண், வாய் எதுவும் இல்லாமல் வெள்ளை முகம். அத்தை அதைத் தண்ணீரில் கழுவி முந்தானையில் துடைத்து வைத்தார்கள். ஒன்றும் பேசவில்லை.

எனக்கு அதைவிடக் கவலை சின்னவள்தான். அன்று ராத்திரியிலிருந்து என் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். கீழே வீட்டுக்குக் கூப்பிட்டால் "தண்ணி இருக்கு, தண்ணி இருக்கு" என்று உடம்பெல்லாம் நடுங்குகிறது. காய்ந்த தரையைக் காட்டினாலும் நம்பவில்லை. பெரியவனோ ஒரே கேள்வியாகக் கேட்கிறான்: "நம்ம வீட்டுக்கு இந்த வருஷம் ஸ்டார் இல்லையாம்மா?"

"வண்டி நிக்குது, சோத்துக்கு வழியில்ல, ஸ்டாரு ஒண்ணுதான் குறைச்சல்" என்றார் அவர். அவர் மேல் தப்பில்லை. இன்ஜின் வேலைக்கு மெக்கானிக் சொன்ன தொகை அப்படி. ஆனால் அத்தை, "அவன் கெடக்கான். வாரியலை எடு ஏட்டி" என்றார்கள்.

வாரியல் என்றால் தென்னை விளக்குமாறு. வீட்டில் வெள்ளத்துக்கு அசையாமல் நின்றது அது ஒன்றுதான்! நல்ல தண்ணீரில் அலசி மாடியில் காயப் போட்டு ஈர்க்குகளை உருவினோம். இனி நான் சொல்வதைக் கவனித்துச் செய்தால் நாலு வயதுப் பிள்ளையும் கூட நிற்கலாம். ஒரு முழ நீளத்துக்கு ஈர்க்குகளைச் சமமாக நறுக்கி, மூன்று மூன்றாகச் சேர்த்துக் கட்டி, பத்துக் கட்டு செய்துகொள்ளுங்கள். தரையில் கரித்துண்டால் கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் ஒரு ஸ்டார் வரையுங்கள். அந்தக் கோட்டின் மேல் ஐந்து கட்டுகளைப் பாய் முடைகிற மாதிரி ஒன்றன் மேலும் ஒன்றன் கீழுமாக வைத்தால் பாதி தானாகவே நிற்கும். ஐந்து முனையையும் கட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு முடிச்சுப் போட வராது. அதற்கு ரப்பர் பேண்டு நல்லது. மாடி வீட்டு அக்கா மகள் ஒரு டப்பா நிறையக் கொடுத்தாள். ஒவ்வொரு முனைக்கும் ஒரு ரப்பர் பேண்டு எடுத்துக் கொடுப்பதுதான் சின்னவளுக்கு வேலை. முதல் இரண்டை என் மடியில் இருந்தபடியே கொடுத்தாள். மூன்றாவதற்கு எழுந்து போய்விட்டாள்.

இதே மாதிரி இன்னொன்று செய்து, இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். நடுவில் குச்சிகள் ஒன்றையொன்று வெட்டுகிற இடம் ஐந்து இருக்கும். அங்கே நாலு விரல் நீளக் குச்சியை நிறுத்திக் கட்டினால் ஸ்டார் வயிறு உப்பிக்கொண்டு நிற்கும். அப்பா காலத்து மூங்கில் ஸ்டாருக்கும் இதே கணக்குதான்.

ஒட்டத் தாள் வேண்டுமே? கடை ஒன்றும் திறக்கவில்லை, திறந்தாலும் கையில் காசில்லை. பெரியவனின் டிராயிங் நோட்டு நனைந்து கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஸ்கெட்ச் பேனாவில் அவன் வரைந்திருந்ததெல்லாம் ஊறிப் பரவி, வீடு எது மரம் எது என்று தெரியாமல் பக்கம் முழுக்க நீலமும் ரோஸும் பச்சையுமாக இருந்தது. "அதை ஒட்டலாம்மா" என்று அவனேதான் சொன்னான். நானாக இருந்தால் தூரப் போட்டிருப்பேன். பசைக்குச் சோற்றுப் பருக்கை. குழைந்த சோற்றை இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் மசித்தால் போதும், நன்றாகப் பிடிக்கும். மைதா காய்ச்சினாலும் சரி. பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது விஷம். பிள்ளைகள் விரலை வாயில் வைக்கும் வேலைக்கு அது வேண்டவே வேண்டாம். பூச்சி அரித்தால் அரிக்கட்டும், அடுத்த வருஷம் புதிது செய்தால் போச்சு.

அடுத்தது குடில். சுரூபம் இல்லாமல் என்ன குடில் என்று எனக்கே மனசு ஒப்பவில்லை. மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-ம் வருஷம் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் குடில் வைத்தபோது பொம்மை எதுவும் கிடையாது. ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், நிஜ மாடு, நிஜக் கழுதை, அவ்வளவுதான். 2023-ல் அதற்குச் சரியாக 800 வருஷம். கழுதைக்கு நான் எங்கே போவேன்! நிவாரண பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டியைப் படுக்க வைத்து மாட்டுக் கொட்டில் ஆக்கினோம். தீவனத் தொட்டிக்குத் தேங்காய்ச் சிரட்டை, உள்ளே வைக்கோலுக்குப் பதில் தும்பு. மாதாவும் சூசையப்பரும் இரண்டு காலி இருமல் மருந்து பாட்டில்கள். மூடி மேல் துணி உருண்டையைத் தலையாகக் கட்டி, சாயம் போன என் நீல வாயில் புடவையில் கிழித்து மாதாவுக்குச் சின்னவள்தான் உடுத்தினாள். எத்தனை தடவை அவிழ்த்து எத்தனை தடவை உடுத்தினாள் என்று கணக்கில்லை. ஆட்டுக்குத் தீப்பெட்டி மேல் பஞ்சு. பஞ்சை ஆட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குடில் கூரையெல்லாம் பனி என்று அப்புகிறார்கள். உப்பளத்து ஊரில் பனி எதற்கு?

பெரியவன் முற்றத்துச் சேற்றில் ராஜா பொம்மை செய்கிறேன் என்று இறங்கினான். சாக்கடை கலந்த சேறு. அதட்டி மேலே ஏற்றிச் சோப்புப் போட்டுக் கைகால் கழுவி விட்டேன். வெள்ளம் வடிந்த மண்ணில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். ராஜாக்கள் இல்லாமலே அந்த வருஷம் குடில். சுவிசேஷத்தில் அவர்கள் மூன்று பேர் என்று எண்ணிக்கையே இல்லை, மூன்று காணிக்கைதான் இருக்கிறது என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

புல்? தாம்பாளத்தோடு போயிருந்தது. ஆனால் அடுக்களை மேல்தட்டில் ஒழுகலில் நனைந்த பாசிப்பயறுப் பை ஒன்று, பிரித்தால் பை முழுக்க முளை! சமைக்கப் பயம். குடிலில் பரப்பினோம்.

24-ம் தேதி சாயந்தரம் குடிலைக் கீழே எங்கள் வீட்டு முன்னறையில் வைத்தோம். கரண்ட் இல்லை. எல்லாரும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு இறங்கினோம். சின்னவள் மாடிப்படியிலேயே நின்றுகொண்டாள். "மாதாவை அண்ணன்ட்ட குடு, அவன் கொண்டு வருவான்" என்றேன். "அவன் சீலையை அவுத்துருவான்" என்று பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். யாரும் ஒன்றும் சொல்லாமல் இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொரு படியாக, பாட்டிலையே பார்த்துக்கொண்டு இறங்கினாள். கடைசிப் படியில் நின்று ஒரு காலை மட்டும் நீட்டித் தரையைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் மற்றக் கால். நேராகப் போய்ச் சிரட்டை பக்கத்தில் மாதாவை வைத்துவிட்டு, "ஆச்சி, பாப்பாவுக்குக் கண்ணு எங்க?" என்று கேட்டாள்.

பெரியவன் பால்பாயிண்ட் பேனாவால் குழந்தை இயேசுவுக்குக் கண் வரைந்தான். ஒரு கண் பெரிசு, ஒரு கண் சின்னது. வாய் காதுவரை போய்விட்டது.

ஸ்டார் செய்வதைத் திரும்பிக்கூடப் பார்க்காத மனிதர், வண்டியில் லோடு கட்டும் கயிற்றை எடுத்து வந்து தானே ஏறி வாசலில் கட்டினார். உள்ளே ஒரு டார்ச் லைட்டைத் தொங்கவிட்டார். தெருவே இருட்டு. பேட்டரி தீரும் வரை முக்கால் மணி நேரம் எரிந்தது. மாடி வீட்டு அக்காவும் எதிர்வீட்டார்களும் வந்து நின்று பார்த்தார்கள். "இது என்ன டிசைன்?" என்று கேட்டவர்களிடம் பெரியவன், "இது எங்க வீடு, இது தென்னமரம்" என்று ஒவ்வொரு நிறமாகக் காட்டிக்கொண்டிருந்தான்.

தாள் ஸ்டாருக்குள் மெழுகுவர்த்தி வைக்கவே கூடாது தோழிகளே. முன்பு 40 வாட் குண்டு பல்பு போட்டே எத்தனையோ ஸ்டார் கருகியிருக்கிறது. இப்போது 5 வாட் எல்.இ.டி. பல்பு போதும், சூடு குறைவு. தாளில் மட்டும் படாமல் தொங்கவிடுங்கள்.

மறு வருஷம் 2024-ல் விட்டுப்போன ராஜாக்களை உப்பு மாவில் செய்தோம். மைதா இரண்டு பங்கு, தூள் உப்பு ஒரு பங்கு, சப்பாத்தி மாவு பதத்துக்குத் தண்ணீர். பிள்ளைகள் உருட்டுகிற மாதிரி உருட்டட்டும், மூக்கைத் திருத்தாதீர்கள். வெயிலில் மூன்று நாள் நன்றாகக் காய்ந்த பிறகு வாட்டர் கலர் பூசி, அதுவும் காய்ந்ததும் மேலே ஃபெவிகால் தடவுங்கள். எங்கள் முதல் ராஜாவுக்கு ஃபெவிகால் தடவவில்லை. கடல்காற்றில் உப்பு ஈரத்தை இழுத்து, இரண்டே நாளில் ராஜாவுக்கு வேர்த்து ஊற்றி, தாடி கழன்று விழுந்தது! கண்ணுக்குக் குன்றிமணி பதிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, வேண்டாம். பேனாப் புள்ளி போதும். நாலு வயதுக்குத் தாள் கிழிக்க, கசக்க, ஒட்டக் கொடுங்கள். கத்தரிக்கோல் ஏழு வயதுக்கு, அதுவும் முனை மழுங்கியது.

வண்டி சரியாகிக் கொஞ்சம் கையில் பணம் சேர்ந்ததும், புதுச் சுரூப செட் ஒன்று வாங்கினோம். குழந்தை இயேசு மட்டும் பழையதுதான். பெயிண்ட் அடிக்கக் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு அத்தை, "அந்தக் கண்ணு இருக்கட்டும்" என்றுவிட்டார்கள். டிரங்குப் பெட்டி இப்போது கட்டிலுக்கடியில் இல்லை. பரணில், அதிலும் சுவரோரமாகச் செங்கல் வைத்து அதன் மேல் ஏற்றியிருக்கிறோம். உள்ளே வேப்பிலையும் போட்டிருக்கிறேன். டிசம்பர் ஒன்றாம் தேதி ஏணி போட்டு அதை இறக்குவது பெரியவன் பொறுப்பு. ரப்பர் பேண்டு டப்பா சின்னவளிடம்.

- ஒரு வாசகி, தூத்துக்குடி