மரத்தரைக்கு நீங்களே பாலீஷ் போடப் போகிறீர்களா?

பட்டினப்பாக்கம் மாதிரி கடலோர வீட்டில் போட்ட மரத்தரைக்கு ஆயுள் குறைவு. கடற்காற்றில் வரும் நுண்மணல் நடக்க நடக்க மேல்பூச்சை அராவிவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பலகை உப்பும். ஆள் கூலியைக் கேட்டு மலைத்தவர்கள், வாடகைக்கு மெஷின் எடுத்து நாமே தேய்த்துவிடலாம் என்று இறங்குகிறார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் உப்புத்தாளைத் தொடுவதற்கு முன் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

காலடியில் இருப்பது மரம்தானா?

‘வுட் ஃப்ளோரிங்’ என்று சொல்லி விற்பது எல்லாமே மரம் அல்ல. லேமினேட் என்பது அழுத்திய மரநார்ப் பலகையின் மேல் மர வரி அச்சிட்ட தாள். அதைத் தேய்த்தால் வரி போய்விடும், தரையை மாற்றுவது தவிர வழியில்லை. ‘இன்ஜினியர்டு வுட்’ பலகையில் அசல் மரம் மேலே சில மில்லிமீட்டர்தான். அதை ஓரிரு முறைக்கு மேல் தேய்க்க முடியாது, மெல்லியதாக இருந்தால் ஒரு முறைகூடக் கூடாது. பல முறை தேய்ப்பைத் தாங்குவது முழு மரப் பலகை மட்டுமே. வாசலோரப் பட்டையைக் கழற்றிப் பலகையின் பக்கவாட்டைப் பாருங்கள். மர வரி மேலிருந்து கீழ்வரை ஓடினால் முழு மரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் இன்ஜினியர்டு. பழுப்பு நிறத் தூள் அட்டை மாதிரி இருந்தால் லேமினேட்.

தேக்கு என்று பில் போட்டு லேமினேட்டை ஒட்டியிருந்தால் அது நியாயமற்ற வணிக நடைமுறை. தேய்க்காமல் புகாருக்குப் போங்கள்.

வாடகை வீடு என்றால்

2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால் நீங்களாகத் தரையைத் தேய்ப்பதற்கு அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காலி செய்யும் நாளில் அட்வான்ஸில் கை வைப்பார்கள்.

தூசியும் ஈயமும்

மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. தேக்குத் தூசி சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் தரும். கைக்குட்டை கட்டினால் போதாது, என்95 முகக்கவசம் வேண்டும். மயிலாப்பூர் பக்கத்துப் பழைய வீட்டு மரப்படி, கதவு என்றால் ஈயத்தையும் யோசிக்க வேண்டும். 90 பிபிஎம்-க்கு மேல் ஈயம் கலந்த வீட்டுப் பெயிண்டைத் தயாரிக்க 2017 நவம்பர் 1 முதல்தான் தடை. அதற்கு முந்தைய பெயிண்டை உலரத் தேய்க்காதீர்கள், நனைத்துச் சுரண்டுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த வீட்டில் இருக்க வேண்டாம்.

தின்னரும் எண்ணெய்த் துணியும்

தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து அடுத்த அறைக்குப் போகும். சமையலறை அடுப்பும் சாமி விளக்கும் அணைந்திருக்கட்டும். ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டுக்கொண்டு பூசாதீர்கள். இரண்டு டப்பா கலந்து பூசும் பி.யூ. (பாலியூரித்தேன்) கோட்டிங்கில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கிளப்பும். அதன் ஆவியை என்95 தடுக்காது, கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகக்கவசம் வேண்டும். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தீக்குச்சியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். தண்ணீரில் நனைத்து, வெட்டவெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

ஹார்டுவேர் கடையில் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தரும் தின்னரை வாங்காதீர்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும், குழந்தை எடுத்துக் குடித்துவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கெட்டுப்போனால் யாரைக் கேட்பது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதற்கு இடம் தருகிறது. சரியான பயன்பாட்டு முறையோ எச்சரிக்கையோ போடாமல் விற்ற பொருளால் உடலுக்கோ சொத்துக்கோ கேடு வந்தால் தயாரிப்பாளர் நஷ்டஈடு தர வேண்டும். ஆனால் டப்பாவில் சொன்னதை மீறி நீங்கள் கண்டபடி கலந்து பூசியிருந்தால் வழக்கு நிற்காது. பாட்டில் தின்னருக்கு லேபிளே கிடையாது, யாரைக் குற்றம் சொல்வீர்கள்?

முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

ஆகவே, சீல் உடையாத டப்பாவாக, பில்லோடு வாங்குங்கள். தேய்க்கும் முன் தரையைப் படம் எடுத்து வையுங்கள். கட்டிலுக்கடியில் ஒரு சதுர அடியில் பூசிப் பார்த்துவிட்டு மிச்சத்தில் இறங்குங்கள். வேலை முடிந்ததும் காலி டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த லேபிளும் பில்லும்தான் ஆணையத்தில் உங்கள் சாட்சி.