எபிசோட் 31: கறுப்பு பீரும் மிச்ச மருந்தும்

போன எபிசோட்ல, மான்செஸ்டர் குளிர்ல தோசை மாவு பொங்க மாட்டேங்குதுன்னு புலம்பியிருந்தேன். அதே குளிர் என் முதல் ஸ்டவுட்டை எப்படிக் கவிழ்த்தது என்பதுதான் இன்றைய கதை.

முதல்லயே சொல்லிடறேன். தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இங்கிலாந்தில் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச 1963 முதல் லைசென்ஸ் தேவையில்லை. விற்கக் கூடாது, அவ்வளவுதான். வெம்பக்கோட்டையிலிருந்து கேட்கிற நம்ம பசங்க கேட்பதோடு நிறுத்திக்கோங்க.

ஸ்டவுட் என்றால் கறுப்பு பீர். அந்தக் கறுப்பும் காப்பிக் கசப்பும் கருக வறுத்த பார்லியிலிருந்து வருபவை. முளைகட்டி உலர்த்திய பார்லிக்கு மால்ட் என்று பெயர். அதைச் சுமார் 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகும். வடித்த சாற்றில் ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்க்கணும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியே விடும். நான் கத்துக்குட்டி என்பதால், சாற்றைச் சுண்டக் காய்ச்சி டப்பாவில் அடைத்த கிட் ஒன்றை வாங்கினேன்.

சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டுவது ஹைட்ரோமீட்டர். வெறும் தண்ணீரில் 1.000 காட்டும். என் வாளியில் முதல் நாள் 1.044. அது 1.012 பக்கம் இறங்கி நிற்கணும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம், சுமார் 4.2.

பத்தாம் நாள் குமிழி நின்றுபோச்சு. அளந்தால் 1.020. "முடிஞ்சது"ன்னு நானே முடிவு பண்ணிட்டேன். உண்மையில் ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை. பகலில் ஹீட்டரை அணைத்துவிட்டு ஆபீஸ் போவேன். அந்தக் குளிரில் அது தூங்கிப்போயிருந்தது. பாட்டிலில் நுரை வர லிட்டருக்கு 5 கிராம் சர்க்கரை போட்டு மூடினேன். அலமாரி இருந்த இடம் வெதுவெதுப்பான சமையலறை. ஈஸ்ட் முழிச்சுக்கிச்சு. நான் போட்ட 5 கிராம் போக, முன்பே மிச்சமிருந்த 15 கிராமுக்கு மேலான சர்க்கரையும் அதற்குத் தீனி. வாயு வெளியேற வழியில்லை.

ஒன்பதாம் நாள் ராத்திரி 2 மணிக்கு மூணு பாட்டில் வெடிச்சது. கண்ணாடித் துண்டு எதிர்ச்சுவரில் குத்தி நின்றது. பகலில் நான் நிற்கிற இடம் அது.

அப்பாவுக்கு போன் பண்ணினேன். இருபது வருஷம் பட்டாசு ஆலையில் மருந்து கலந்தவர். பீர் என்று சொல்லவே கூச்சமா இருந்தது. திட்டவில்லை. "கண்ணு, கை நல்லா இருக்காப்பா?" என்றார். அப்புறம், "சாயங்காலம் மிச்ச மருந்தை ரூம்ல வச்சுப் பூட்டக் கூடாதுன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?" என்றார்.

எங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தெரியாததல்ல. கலந்த மருந்தை அன்றே தீர்க்கணும். ஈரம் பட்டால் ராத்திரியில் தானாகவே சூடேறும். மறுநாள் கதவைத் திறப்பவருக்குத்தான் ஆபத்து. பாட்டிலில் நான் பூட்டியதும் மிச்ச மருந்துதான்.

மீதி பாட்டில்களைத் தடிமனான கோட்டு, கண்ணாடி, கையுறையோடு துண்டில் சுற்றி வெளிக்குளிரில் வைத்தேன். குளிர்ந்தால் அழுத்தம் குறையும். மறுநாள் ஒவ்வொன்றாகத் திறந்து அத்தனையும் கொட்டினேன்.

இரண்டாவது தடவை வாளியை 19 டிகிரியில் வைத்தேன். மூணு நாள் தொடர்ந்து 1.012 காட்டிய பிறகுதான் பாட்டிலில் அடைத்தேன். குமிழி நின்றதை நம்பாதீங்க, அளவை நம்புங்க. ஸ்டவுட் சுமாராத்தான் வந்தது. ஆனா அப்பா வாரம் ஒருமுறை, "அந்தக் கறுப்புத்தண்ணி அடங்குச்சா?"ன்னு கேட்கிறார்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.