மலையில் கமுக்கமாகத் தாலி! கனடாவில் "மணமாகாதவர்"! மனைவிக்குக் கதவு சாத்தப்படுவது ஏன்?

திருத்தணியில் முகூர்த்த நாள் என்றால் பொழுது விடியும் முன்பே மலைப்பாதையில் வேன்களும் கார்களும் வரிசை கட்டி விடும். வள்ளியை முருகன் மணந்த மலை என்பதால் இங்கேதான் தாலி கட்டுவது என்று வைத்திருக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டிலும் உண்டு, ஆந்திராவிலும் உண்டு. மேளதாளம், பந்தி, மொய் என்று தடபுடலாக நடக்கும் கல்யாணங்கள் ஒரு பக்கம். பத்துப் பேர் மட்டும் வந்து, தாலி கட்டி, தரிசனம் முடித்து, வெயில் ஏறும் முன் இறங்கி விடும் கல்யாணங்கள் இன்னொரு பக்கம்.

இந்தச் சின்னக் கல்யாணத்தில் ஒரு ரகம் மட்டும் வில்லங்கமானது. மாப்பிள்ளை வெளிநாட்டில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை கேட்டு விண்ணப்பம் போட்டிருப்பார். "பி.ஆர்." என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் வீட்டில் பெண் பார்த்து விட்டார்கள். நாளும் குறித்து விட்டார்கள்.

புராணத்தில் முருகன் வள்ளியைக் களவு மணம் புரிந்தான். அவனுக்கு எந்த விசா அதிகாரியும் குறுக்கே வரவில்லை. இந்த மாப்பிள்ளைகளுக்கு வருகிறார்!

"ரிஜிஸ்டர் பண்ணாதான் கல்யாணம்!"

இப்படி ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. கனடாவுக்கு பி.ஆர். கேட்டு எழுதியபோது அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. படிவத்திலும் அப்படியே எழுதினான். அதில் தப்பு இல்லை. இப்போது விசா வந்து விட்டது. விமான டிக்கெட்டும் எடுத்தாகி விட்டது.

அம்மா பிடித்துக் கொள்கிறார். "ஆடி பொறந்தா முகூர்த்தம் இல்ல. ஆவணியில நீ இங்க இருக்கப் போறதில்ல. மலை மேல தாலிய மட்டும் கட்டிட்டுப் போப்பா. விருந்தெல்லாம் நீ திரும்பி வந்தப்புறம் பாத்துக்கலாம்."

"கல்யாணம் ஆகலைன்னு எழுதிக் குடுத்திருக்கேம்மா."

தாய்மாமன் குறுக்கே புகுந்து தீர்ப்புச் சொல்கிறார். "ரிஜிஸ்டர் பண்ணாதான் மாப்ளே கல்யாணம். பண்ணலைன்னா கனடாக்காரனுக்கு எப்படித் தெரியும்?"

தாலி ஏறி விடுகிறது. மூன்றாவது வாரம் பையன் டொரண்டோ விமான நிலையத்தில் இறங்குகிறான். "கல்யாணம் ஆனவரா? படிவம் கொடுத்த பிறகு குடும்பத்தில் ஏதாவது மாற்றம் உண்டா?" என்று அதிகாரி கேட்கிறார். "இல்லை" என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிறான். அந்த ஒரு கையெழுத்துத்தான் எமன்!

ஆறு மாதம் கழித்து, மனைவியை அழைத்துக் கொள்ள மனுப் போடுகிறான். கல்யாணத் தேதியை எழுத வேண்டிய கட்டம் வருகிறது. எழுதுகிறான். அந்தத் தேதி, அவன் டொரண்டோவில் இறங்கிய தேதிக்கு முந்தியது. மனு தள்ளுபடி. "இந்தப் பெண் உங்கள் குடும்ப வகுப்பில் சேர மாட்டார்" என்று கைவிரித்து விடுகிறார்கள்.

விதி எண் 117

இது அதிகாரியின் கோபதாபம் அல்ல. 2002 ஜூன் 28 முதல் அமலில் இருக்கும் கனடா குடியேற்ற ஒழுங்குமுறை விதிகளில், 117-வது விதியின் 9-வது உட்பிரிவு இப்படிச் சொல்கிறது: ஒருவர் பி.ஆர். பெற்றபோது அவருக்கு மனைவியோ பிள்ளையோ இருந்து, அவர்களை அதிகாரிகள் பரிசோதிக்காமல் விட்டிருந்தால், பின்னாளில் அவர்களைக் குடும்ப வகுப்பில் அழைக்க முடியாது. பரிசோதனை என்றால் மருத்துவச் சோதனை, போலீஸ் சான்று, ஆவணங்கள். "அப்புறம் வரட்டும்" என்று ஊரில் விட்டுப் போகும் மனைவிக்கும் இந்தப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும்.

"மனுப் போட்ட அன்று எனக்குக் கல்யாணம் ஆகவில்லையே!" என்று வாதாடலாம் அல்லவா? வாதாடிப் பார்த்தாகி விட்டது. விண்ணப்பம் என்பது மனுக் கொடுத்த நாள் மட்டும் அல்ல, நுழைவாயிலில் பி.ஆர். கையில் கிடைக்கிற நிமிஷம் வரைக்கும் உள்ள மொத்தக் காலம் என்று 2006-ல் கனடாவின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி விட்டது. அதற்கு முந்தின வருஷம் அதே நீதிமன்றத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தாய் ஒருவரின் வழக்கு வந்தது. குடியேறியபோது இரண்டு மகன்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருந்தார். பிறகு அவர்களை அழைக்கப் பார்த்தார். முடியவில்லை. விதி செல்லும் என்றே தீர்ப்பு வந்தது.

விசா முத்திரை விழுந்த பிறகு கல்யாணம் ஆனாலும் சொல்லியாக வேண்டும். இதற்கு 51-வது விதி தனியாகவே இருக்கிறது. கனடாவிலேயே வேலை பார்த்தபடி மனுப் போட்டு, மூன்று வார லீவில் ஊருக்கு வந்து தாலி கட்டிச் செல்பவர்களுக்கும் இதே கதிதான். அவர்களை விமான நிலையத்தில் கேட்காவிட்டால் கம்ப்யூட்டர் திரையில் கேட்பார்கள்.

மாமனின் சட்டம் செல்லாது

தாய்மாமனின் தீர்ப்புக்கு வருவோம். "பதிவு இல்லை, ஆகவே கல்யாணம் இல்லை." இதை நம்பித்தான் பாதிப் பேர் கவிழ்கிறார்கள்.

1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டப்படி, இரு வீட்டாரில் ஒருவருடைய வழக்கமான சடங்குகளோடு நடந்தால் அது கல்யாணம். பதிவு செய்யாமல் விட்டதால் கல்யாணம் செல்லாமல் போகாது என்று 8-வது பிரிவு பச்சையாகவே சொல்கிறது. தமிழ்நாட்டில் இன்னும் ஒரு படி மேலே. 1967-ல் வந்த சுயமரியாதைத் திருமணத் திருத்தப்படி, உற்றார் உறவினர் முன்னால் மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் போட்டாலும் போதும், தாலி கட்டினாலும் போதும். "ஐயர் வரலை, மந்திரம் சொல்லலை" என்று தப்பிக்கவும் வழி இல்லை.

இதைத் திருப்பிப் போட்டுச் செய்கிறவர்களும் உண்டு. சடங்கு எதுவும் இல்லாமல், விசாவுக்காக முதலில் பதிவுச் சான்றிதழ் மட்டும் வாங்கி வைத்துக் கொள்வார்கள். தாலி அப்புறம். 2024 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. இருவருமே விமானிகள். சான்றிதழ் இருந்தது, சடங்கு நடக்கவில்லை. இந்து திருமணச் சட்டப்படி இது கல்யாணமே அல்ல என்று நீதிபதிகள் நாகரத்னா, அகஸ்டின் ஜார்ஜ் மாசி இருவரும் தீர்ப்பளித்தார்கள். வெளிநாட்டு விசாவுக்காக நேரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து இப்படிப் பதிவை முந்திச் செய்யும் வழக்கத்தையும் கண்டித்தார்கள்.

ஆக, சடங்கு இல்லாத காகிதமும் கல்யாணம் ஆகாது. காகிதம் இல்லை என்பதால் மலையில் ஏறிய தாலி இல்லை என்றும் ஆகாது.

தேதியை மாற்றினால்?

மனு தள்ளுபடி ஆனதும் அடுத்த யோசனை கிளம்பும். "இன்னொரு தடவை தாலி கட்டி, புதுத் தேதியில பதிஞ்சிடலாம்!" அல்லது முதல் மனுவிலேயே தேதியை மாற்றி எழுதப் பார்ப்பார்கள். பத்திரிகை அடிக்கவில்லை, போட்டோ எடுக்கவில்லை என்று சாதிக்கலாம். ஆனால் அத்தை மகள் செல்போனில் படம் இருக்கும். பெண்ணின் தங்கை அன்றைக்கே ஊருக்கெல்லாம் அனுப்பி வைத்திருப்பாள். விசாரணையில் மாப்பிள்ளை ஒரு தேதியும் பெண் ஒரு தேதியும் சொன்னால் குட்டு வெளிப்பட்டு விடும்.

அப்போது சிக்கல் பெண்ணோடு நிற்காது. உண்மையை மறைத்தார் என்று ஆகி விட்டால் கனடா சட்டத்தின் 40-வது பிரிவு பாயும். ஐந்து வருஷம் தடை. வாங்கிய பி.ஆர். கூடப் பறிபோகலாம்.

கருணை காட்ட வழியே இல்லையா? மனிதாபிமான அடிப்படையில் கேட்டுப் பார்க்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரி கையில். 2019 செப்டம்பரில் கனடா அரசு ஒரு சலுகைத் திட்டம் கொண்டு வந்தது. சொல்லாமல் விடப்பட்ட மனைவி, பிள்ளைகளை அழைத்துக் கொள்ள அனுமதித்தது. ஆனால் அது அகதிகளாகப் போனவர்களுக்கும், குடும்பத்தாரால் மனைவி, கணவன், பிள்ளை என்று அழைக்கப்பட்டுப் போனவர்களுக்கும்தான். கம்ப்யூட்டர் வேலைத் தகுதியில் போன நம் மாப்பிள்ளைகளை அதில் சேர்க்கவில்லை.

இதில் அடிபடுவது யார்? கையெழுத்துப் போட்டவன் டொரண்டோவில் வேலைக்குப் போய் வருகிறான். படிவத்தையே பார்த்திராத பெண் மாமியார் வீட்டில் இருக்கிறாள். ஒரு வருஷம் ஊர் பொறுக்கும். இரண்டாம் வருஷம் "வாழாவெட்டி" என்ற பேச்சு அடிபடும். அவளைக் கேட்டா மறைத்தார்கள்?

மறைக்கத் தேவையே இல்லை

வேடிக்கை என்னவென்றால், மறைக்கிறவர்கள் பயப்படும் காரணத்துக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. தொழில் தகுதியில் போகிறவர்களுக்குக் கனடா மார்க் போடுகிறது. வயது, படிப்பு, மொழி, அனுபவம் ஆகியவற்றுக்கு ஒண்டிக்கட்டை என்றால் 500 மார்க் வரை. மனைவியோடு போனால் இவருக்கு 460 வரைதான், மீதி 40 மனைவியின் தகுதிக்கு. "கல்யாணம்னு சொன்னா மார்க் கொறஞ்சிடும்" என்ற பயம் இங்கேதான் பிறக்கிறது. ஆனால் மனைவி இப்போது உடன் வரவில்லை என்று எழுதினால், ஒண்டிக்கட்டைக்கு உள்ள கணக்கிலேயே மார்க் போடுவார்கள். மனைவி உண்டு என்று சொல்லியாக வேண்டும், பரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும், அவ்வளவுதான். பாங்கியில் காட்ட வேண்டிய பணம் மட்டும் இரண்டு பேர் கணக்குக்கு இருக்க வேண்டும்.

ஆகவே மனு நிலுவையில் இருக்கும்போது தாலி ஏறினால், உடனே அவர்களுக்குத் தெரிவித்து, கல்யாணச் சான்றிதழையும் பெண்ணின் பாஸ்போர்ட் விவரத்தையும் அனுப்பினால் காரியம் நடக்கும். கொஞ்சம் தாமதம் ஆகும். விசா கைக்கு வந்து விட்டதா? விமானம் ஏறாமல், முதலில் விசா கொடுத்த அலுவலகத்துக்கு எழுத வேண்டும். டிக்கெட் பணம் போனால் போகட்டும்.

அந்தச் சான்றிதழ் வாங்குவதிலும் கெடு உண்டு. 2009-ம் வருஷத்துச் சட்டப்படி தமிழ்நாட்டில் நடக்கும் எந்தக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வந்து மலையில் தாலி கட்டிச் செல்லும் ஆந்திரக் குடும்பங்களும் கல்யாணம் நடந்த திருத்தணியிலேயே பதியலாம். எல்லைத் தகராறு ஒன்றும் இல்லை. அந்தத் தகராறை இந்த ஊர் ஏற்கெனவே பார்த்து விட்டது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி. போராடினார். 1960 ஏப்ரல் 1-ந்தேதிதான் திரும்பி வந்தது. பி.ஆர். தாமதம் என்று அலுத்துக் கொள்ளும் மாப்பிள்ளைகள் கவனிக்க: ஊரே ஆறரை வருஷம் காத்திருந்தது!

அமெரிக்காவில் தலைகீழ்

கனடாவுக்கு இப்படி. அமெரிக்க மாப்பிள்ளைக்கு வேறு கணக்கு. வேலை மூலம் "கிரீன் கார்டு" கேட்டுக் காத்திருப்பவர், கார்டு வருவதற்கு முன்பே கல்யாணம் செய்து கொண்டால் மனைவிக்கும் அதே வரிசையில் கார்டு உண்டு. ஒரு நாள் பிந்தித் தாலி கட்டினாலும் மனைவி வேறு வரிசையில் போய் நிற்க வேண்டும். எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பினால் நம்மவர்களின் வரிசை வருஷக்கணக்கில் நீளுகிறது. எனவே கார்டு எந்த நாளில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே ஜோசியரும் கைவிரிக்க வேண்டியதுதான்.

இன்னொரு ரகம் இன்னும் மோசம். கிரீன் கார்டு வைத்திருக்கும் அப்பாவோ அம்மாவோ, கல்யாணம் ஆகாத மகனுக்கோ மகளுக்கோ மனுப் போட்டிருப்பார்கள். முடிவு வருமுன் கழுத்தில் தாலி ஏறினால் அந்த மனு தானாகவே செத்து விடும். கார்டு மட்டும் வைத்திருப்பவர், கல்யாணமான பிள்ளையை அழைக்க அமெரிக்கச் சட்டத்தில் இடமே இல்லை. பல வருஷக் காத்திருப்பு ஒரே முகூர்த்தத்தில் பாழ்.

"அப்போ நிச்சயதார்த்தமாவது பண்ணி வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள் அம்மாக்கள்.

தாராளமாக. தட்டு மாற்றுவது கல்யாணம் ஆகாது. படிவத்தில் "மணமாகாதவர்" என்று இருப்பதும் பொய் ஆகாது. பி.ஆர். கைக்கு வந்த பிறகு பையன் லீவு போட்டு வந்து, மலை ஏறித் தாலி கட்டி, மனைவியை அழைக்க மனுப் போடலாம். ஆனால் மனு முடியும் வரை அவன் கனடாவில் வசித்தாக வேண்டும். பி.ஆர். மட்டும் உள்ளவர் வெளியே இருந்துகொண்டு மனைவியை அழைக்க அங்கே அனுமதி இல்லை. ஆக, கல்யாணம் முடிந்ததும் அவன் கிளம்ப வேண்டும். பெண் சில மாதங்கள் பிறந்த வீட்டில் இருக்கலாம், இல்லையென்றால் மாமியார் வீட்டில் இருக்கலாம். எங்கே என்பதை நிச்சயதார்த்தத்தன்றே பேசி வைத்துக் கொள்கிற வீடுகளும் இருக்கின்றன.